சிபாரிசு மட்டும் பண்ற ஆபீஸ்: அமெரிக்காவோட என்டிஎஸ்பி எப்படி வேலை செய்யுது

2025 ஜூன் 12 அன்னிக்கு அகமதாபாத்துல ஏர் இந்தியா 171 விழுந்து 260 பேர் செத்துப்போனாங்கல்ல, அப்போ எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டே நாள்ல ஒரு கேள்வி வந்துச்சு. விழுந்தது நம்ம ஊர்ல, ஓட்டுனது நம்ம கம்பெனி, அப்புறம் எதுக்கு அமெரிக்காலேர்ந்து என்டிஎஸ்பின்னு ஒரு டீம் வந்து இறங்குது? சித்தப்பா ஒருத்தர், போயிங்க காப்பாத்தத்தான் வராங்கன்னு முடிவே கட்டிட்டாரு. நான் ஆறு நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், ஒருத்தரும் கேட்ட மாதிரி தெரியல, அதனால இங்க எழுதுறேன்.

அவங்க வந்ததுக்கு காரணம் ரொம்ப சாதாரணம். ஐநாவோட விமானப் போக்குவரத்து அமைப்பு ஐகாவோ ஒரு விதி வச்சிருக்கு, அனெக்ஸ் 13ன்னு பேரு. விபத்து எந்த நாட்டுல நடந்துச்சோ அந்த நாடு விசாரணைய நடத்தும், ஆனா விமானத்த டிசைன் பண்ண நாடு, தயாரிச்ச நாடு இவங்களும் ஒரு பிரதிநிதிய அனுப்பலாம். விழுந்தது போயிங் 787, எஞ்சின் ஜிஇ, ரெண்டும் அமெரிக்க சரக்கு. அதனால வந்தாங்க. தலைமை முழுக்க நம்ம நாட்டுல விமான விபத்த விசாரிக்கற ஏஏஐபி கிட்டதான். நடுவுல மீடியால பைலட்ட குத்தம் சொல்ற மாதிரி நியூஸ் கசிஞ்சப்போ, இது அவசரப்பட்ட ஊகம், ஏஏஐபிய வேலை பாக்க விடுங்கன்னு அறிக்கை விட்டது அந்த அமெரிக்க ஆபீஸோட தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டிதான்.

அந்த ஆபீஸ் பேரு நேஷனல் டிரான்ஸ்போர்ட்டேஷன் சேஃப்டி போர்டு, சுருக்கமா என்டிஎஸ்பி. நியூஸ்ல பேரு அடிக்கடி வரும், ஆனா நிறைய பேர் இதையும் எஃப்ஏஏவையும் ஒண்ணுன்னு நினைச்சுக்குறாங்க. எஃப்ஏஏங்கறது நம்ம டிஜிசிஏ மாதிரி, விதி போடுறது, லைசென்ஸ் குடுக்குறது, விமானம் பறக்கலாமா வேண்டாமான்னு சொல்றது எல்லாம் அது, போக்குவரத்துத் துறைக்குக் கீழ வருது. என்டிஎஸ்பி எந்தத் துறைக்கும் கீழ இல்ல. மொத்தமே சுமார் 400 பேர், நம்ம ஊர்ல ஓரளவு பெரிய இன்ஜினியரிங் காலேஜ்ல கூட ஸ்டாஃப் அந்த அளவுக்கு இருப்பாங்க. இத வச்சுக்கிட்டு அமெரிக்காவுல நடக்குற எல்லா சிவில் விமான விபத்தையும் பாக்கணும், வயல்ல குப்புற விழுந்த ரெண்டு சீட் செஸ்னா விமானம் உட்பட. அது போக பெரிய ரயில் விபத்து, ஹைவே விபத்து, கப்பல், கேஸ் பைப்லைன் வெடிக்கறது. இதுவரைக்கும் விமான விபத்து மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல பாத்திருக்காங்க, 15,000க்கு மேல சிபாரிசு எழுதிருக்காங்க.

சிபாரிசுன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. இந்த ஆபீஸுக்கு சம்மன் அனுப்பற அதிகாரம் இருக்கு, ஆவணம் கேக்கலாம், உடைஞ்ச பாகத்த எடுத்துட்டுப் போய் லேப்ல அறுத்துப் பாக்கலாம், யாரையும் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஆனா எல்லாம் முடிஞ்சு தப்பு எங்கன்னு கண்டுபிடிச்ச பிறகு, ஒரு ஏர்லைன்ஸுக்கு பத்து ரூபா ஃபைன் போட முடியாது. ஒரு விமானத்தக் கூட தரையில நிறுத்த முடியாது. “இப்படி மாத்துனா நல்லது”ன்னு கடிதம் எழுதலாம், அவ்ளோதான். போக்குவரத்துத் துறைக்கு எழுதுனா 90 நாளைக்குள்ள அவங்க பதில் சொல்லியாகணும்னு சட்டம் இருக்கு, ஆனா அந்த பதில் “முடியாது”ன்னு இருந்தாலும் அதுவும் பதில்தான்.

முதல்ல படிச்சப்போ எனக்கும் இது பல்லில்லாத பாம்பு மாதிரிதான் தோணுச்சு. ஏன் இப்படி வச்சாங்கன்னு பழைய கதைய தேடிப்போனாதான் புரியுது.

1926லேயே அமெரிக்காவுல விமான விபத்த விசாரிக்கற பொறுப்ப வணிகத்துறை கிட்ட குடுத்துட்டாங்க, அப்புறம் 1940லேர்ந்து சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டுன்னு ஒண்ணு பாத்துச்சு. 1967ல போக்குவரத்துத் துறைன்னு புதுசா ஒரு பெரிய துறை வந்தப்போ அதுக்குள்ளயே ஒரு மூலையில என்டிஎஸ்பிய வச்சாங்க. அதாவது எஃப்ஏஏவும் அதே வீடு, எஃப்ஏஏ பண்ண தப்ப கண்டுபிடிக்க வேண்டியவனும் அதே வீடு, ரெண்டு பேருக்கும் படி அளக்குறதும் ஒரே கை.

1972 ஜூன் 12, டெட்ராய்ட்லேர்ந்து கிளம்புன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிசி-10 விமானம் ஒண்ணு, கனடா எல்லையில விண்ட்சர் ஊருக்கு மேல போறப்போ பின்னாடி கார்கோ கதவு பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. உள்ளேர்ந்து ஒரு சவப்பெட்டி கூட கீழ விழுந்துச்சு, சாமானோட சாமானா ஏத்திருந்தாங்க. கேபின் தரை உள்வாங்கி கன்ட்ரோல் கேபிள் எல்லாம் அடிபட்டுது, பைலட் திறமையால எல்லாரும் உயிரோட இறங்குனாங்க. அந்தக் கதவு சரியா மூட வராம, ஏர்போர்ட் ஊழியர் முட்டியால அழுத்தி மூடிருக்காரு, வெளியேர்ந்து பாத்தா பூட்டுன மாதிரியே தெரிஞ்சிருக்கு. என்டிஎஸ்பி உடனே சொல்லிருச்சு, பூட்டு முழுசா விழலன்னா கதவ மூடவே முடியாத மாதிரி டிசைன மாத்துங்க, கேபின் தரையில காத்து வெளியேற வழி வைங்கன்னு. எஃப்ஏஏ என்ன பண்ணுச்சுன்னா, கட்டாய உத்தரவு போடாம, விமானத்த தயாரிச்ச கம்பெனி தலைவரோட பேசி “நீங்களே சரி பண்ணிக்குங்க”ன்னு வாய்மொழியா முடிச்சுக்கிட்டாங்க. 1974 மார்ச் 3, பாரிஸ் பக்கத்துல துருக்கி ஏர்லைன்ஸோட டிசி-10, அதே மாடல், அதே கதவு, இந்த தடவை கேபிள் மொத்தமா போய் 346 பேர் செத்தாங்க.

அந்த வருஷ கடைசியில காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு சட்டம் போட்டு, 1975 ஏப்ரல் 1லேர்ந்து என்டிஎஸ்பிய போக்குவரத்துத் துறையிலேர்ந்து மொத்தமா பிச்சு தனியா வச்சுட்டாங்க. வேற எந்த அரசு ஆபீஸுக்கும் கட்டுப்படாம முழுசா தனியா இருந்தாதான் இந்த வேலைய ஒழுங்கா பாக்க முடியும்னு சட்டத்துலேயே காரணத்தையும் எழுதி வச்சாங்க. அதிகாரம் குடுக்காததுக்கும் இதேதான் காரணம்னு நான் நினைக்கறேன். விதி போடுற அதிகாரம் கையில இருந்தா, நாளைக்கு ஒரு விபத்துல தன்னோட விதியே தப்புன்னு எழுத வேண்டி வரும், எவன் எழுதுவான்?

நம்மூர்லயும் இந்த யோசனை உண்டு, ஆனா விசித்திரமான இடத்துல. ரயில் விபத்த விசாரிக்கற கமிஷன் ஆஃப் ரயில்வே சேஃப்டி, ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ இல்ல, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழ இருக்கு. ரயில்வேக்காரங்க கையில இருக்கக்கூடாதுன்னு வெள்ளக்காரன் காலத்துலயே பிரிச்சது. ஆனா விமான விபத்த பாக்குற ஏஏஐபி இருக்குறதும் அதே விமான அமைச்சகத்துக்குக் கீழ, டிஜிசிஏவும் அங்கதான். ரயிலுக்கு தெரிஞ்ச நியாயம் விமானத்துக்கு தெரியல.

சரி, என்டிஎஸ்பிக்கு வருவோம். மேல அஞ்சு போர்டு மெம்பர்ஸ். ஜனாதிபதி பேர் சொல்லணும், செனட் ஒத்துக்கணும், அஞ்சு வருஷ பதவி. ஒரே கட்சிக்காரங்க மூணு பேருக்கு மேல இருக்கக்கூடாது. கீழ விமானம், ரயில், ஹைவே, கப்பல்னு பிரிவு பிரிவா விசாரணை ஆபீஸ், ஒரு லேப் பிரிவு. பைலட் லைசென்ஸ் ரத்தாச்சுன்னா அப்பீல் கேக்குற நீதிபதிகளும் இதுக்குள்ளயே இருக்காங்க, அது நிறைய பேருக்கு தெரியாது. செத்தவங்க குடும்பத்த பாத்துக்க தனி பிரிவு ஒண்ணு இருக்கு. 1996ல டிடபிள்யூஏ 800 விமானம் நியூயார்க் பக்கம் கடல்ல விழுந்து 230 பேர் போனப்போ குடும்பத்துக்கு தகவல் சொல்லக்கூட ஆளில்லாம அல்லாட விட்டாங்க, அந்த வருஷமே அதுக்குன்னு சட்டம் வந்துச்சு.

பெரிய விபத்துன்னா கோ-டீம் கிளம்பும். எஞ்சினுக்கு ஒருத்தர், ஸ்ட்ரக்சருக்கு ஒருத்தர், வானிலை, கன்ட்ரோல் டவர், பைலட்டோட தூக்கம் வரைக்கும் பாக்க ஒருத்தர்னு முறை போட்டு வச்சிருப்பாங்க, போன் வந்தா பெட்டிய தூக்கிட்டு ஓடணும். கூட ஒரு போர்டு மெம்பரும் போவாரு, அவரு பிரஸ் கிட்ட பேச, மத்தவங்க வேலைய பாக்க.

400 பேர வச்சுக்கிட்டு எப்படி சமாளிக்கறாங்கன்னா, பார்ட்டி சிஸ்டம்னு ஒண்ணு. விமானக் கம்பெனி, எஞ்சின் கம்பெனி, ஏர்லைன்ஸ், பைலட் யூனியன், எஃப்ஏஏ எல்லாரையும் விசாரணையில பார்ட்டியா சேத்துக்குவாங்க, ஏன்னா அந்த பாகத்தப் பத்தி அந்தக் கம்பெனி இன்ஜினியர் அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது. வக்கீலுக்கும் இன்ஷூரன்ஸ்காரங்களுக்கும் இடமில்ல. திருடன் கைலேயே சாவியான்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான், எனக்கும் இதுல முழு சமாதானம் கிடையாது. ஒரே பாதுகாப்பு என்னன்னா எதிரெதிர் ஆளுங்களும் அதே ரூம்ல இருப்பாங்க, கம்பெனி பைலட் மேல பழி போட்டா யூனியன்காரன் விடமாட்டான். காரணத்த எழுதுறப்போ பார்ட்டிகளுக்கு இடமில்ல, அது போர்டோட வேலை. விசாரணை விஷயத்த வெளிய அவுத்து விட்டா தண்டனையும் உண்டு. 2018ல கலிஃபோர்னியா மவுண்டன் வியூ கார் விபத்துல டெஸ்லா தன் பக்கத்து கதைய பப்ளிக்கா போட்டதும் பார்ட்டி லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டாங்க. 2024 ஜூன்ல போயிங்கும் இதே வேலைய பண்ணி, விசாரணைத் தகவல பாக்குற உரிமைய இழந்துச்சு. சித்தப்பா இத நோட் பண்ணிக்கணும்.

போயிங் எதுல மாட்டுச்சுன்னா, அதுவும் ஒரு கதவு கேஸ்தான். 2024 ஜனவரி 5, அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282, போர்ட்லேண்ட்லேர்ந்து கிளம்பி சுமார் 16,000 அடி போறதுக்குள்ள, பக்கவாட்டுல கதவு இருக்க வேண்டிய ஓட்டைய அடைச்சிருந்த பிளக் பிச்சுக்கிட்டு போச்சு. உள்ள 177 பேர், யாரும் சாகல. அந்த பிளக் போர்ட்லேண்ட்ல ஒரு ஸ்கூல் டீச்சர் வீட்டு பின்பக்க தோட்டத்துல கிடச்சுச்சு. ஒருத்தரோட ஐபோன் ரோட்டோரமா கிடந்துச்சு, பாதி சார்ஜோட, ஸ்க்ரீன் கூட உடையாம. நம்ம போன் பெட்லேர்ந்து விழுந்தா டிஸ்ப்ளே போயிடுது.

லேப்ல அந்த பிளக்க வச்சு என்ன பண்ணாங்கன்றதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. பிளக்க மேல நகர விடாம பிடிக்க நாலு போல்ட் இருக்கணும். போல்ட் இருந்து, அது அறுந்து பிளக் போயிருந்தா, ஓட்டைய சுத்தி உலோகம் நசுங்கியிருக்கும், கீறல் இருக்கும். அப்படி எதுவுமே இல்ல. அப்போ போல்ட் அறுந்து போகல, பிளக் பிச்சுக்கறதுக்கு முன்னாடியே அங்க போல்ட் இல்ல. அடுத்து ஃபேக்டரி ஆவணத்த தோண்டுனா, 2023 செப்டம்பர்ல போயிங்கோட ரென்டன் ஃபேக்டரியில பக்கத்துல இருந்த அஞ்சு ரிவெட் சரியில்லன்னு பிளக்க திறந்து வேலை பாத்திருக்காங்க. செப்டம்பர் 19 அன்னிக்கு உள் அலங்கார வேலைய திரும்ப மாட்றதப் பத்தி போயிங் ஆளுங்க தங்களுக்குள்ள அனுப்பிக்கிட்ட டெக்ஸ்ட் மெசேஜ்ல ஒரு போட்டோ இருந்துச்சு, அதுல பிளக் மூடியிருக்கு, போல்ட் இருக்க வேண்டிய இடத்துல போல்ட்டக் காணோம். பிளக்க திறந்ததுக்கு ஒழுங்கான பேப்பர் இல்ல, பேப்பர் இல்லாததால திரும்ப போல்ட் போட்டியான்னு யாரும் செக் பண்ணல. ஒரு மாசத்துல முதல்கட்ட அறிக்கையில இத்தனையும் வெளிய வந்துருச்சு. அந்த மாடல் விமானங்கள பறக்காதன்னு நிறுத்துனது யாருன்னா எஃப்ஏஏ, என்டிஎஸ்பி கிடையாது. 2025 ஜூன்ல போர்டு இறுதியா காரணத்த எழுதுனப்போ, போயிங் தன் தொழிலாளிகளுக்கு சரியான பயிற்சி, வழிகாட்டுதல், மேற்பார்வை குடுக்கலன்னு எழுதிட்டு, எஃப்ஏஏவோட கண்காணிப்பு ஓட்டையையும் சேத்தே எழுதுனாங்க. 1967 ஏற்பாடு அப்படியே இருந்திருந்தா அந்த ரெண்டாவது பாதி அறிக்கையில வந்திருக்குமாங்கறது சந்தேகம்தான்.

இந்த கேஸ்ல காக்பிட் ரெக்கார்டிங் கிடைக்கல. பழைய ரெக்கார்டர் ரெண்டு மணி நேரம்தான் பிடிக்கும், இறங்குன பிறகு சர்க்யூட் பிரேக்கர இழுத்து நேரத்துக்கு யாரும் நிறுத்தல, மேலேயே ரெக்கார்ட் ஆகி அழிஞ்சுபோச்சு. என்டிஎஸ்பி 25 மணி நேரம் வேணும்னு வருஷக்கணக்கா கேட்டுட்டு இருந்துச்சு, 2024ல காங்கிரஸ் சட்டத்துல சேத்துச்சு. கிடைக்குற ரெக்கார்டிங்க மூடுன ரூம்ல ஒரு குழு ஹெட்போன் மாட்டி ரிவைண்ட் பண்ணி பண்ணி நாள் கணக்கா கேட்டு எழுதும். ஆடியோவ வெளியிட சட்டப்படி தடை, எழுத்து மட்டும்தான் வரும். புரியாத வார்த்தைக்கு * போடுவாங்க, கெட்ட வார்த்தைக்கு # போடுவாங்க. அந்த எழுத்துப் பிரதிகள கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சா, சும்மா பேசிக்கிட்டு இருந்த பேச்சு நின்னு அந்த # குறி வரிசையா வர ஆரம்பிக்கற இடத்துல மனசு கனத்துடும்.

இறுதி அறிக்கை வர ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். போர்டு மீட்டிங் பப்ளிக்கா, லைவா நடக்கும். அதுல முடிவாகுறது “ப்ராபபிள் காஸ்”, அதாவது பெரும்பாலும் இதுதான் காரணம்னு ஒரு பத்தி. இந்த முடிவ நஷ்டஈடு வழக்குல ஆதாரமா காட்ட முடியாதுன்னு சட்டமே இருக்கு. கேட்டா அநியாயமா இருக்கும், ஆனா கோர்ட்டுக்கு போகும்னு தெரிஞ்சா எந்த மெக்கானிக் வாய திறப்பான்? குத்தவாளிய பிடிக்கற வேலை வேற ஆபீஸோடது. விபத்து இல்ல, சதின்னு தெரிஞ்சா எஃப்பிஐ எடுத்துக்கும்.

இந்த ஏற்பாட்டோட விலை என்னன்னு பாக்கணும்னா ரயில் கதைய பாக்கணும். 1969 ஆகஸ்ட்ல கனெக்டிகட்ல டேரியன் ஊர்ல ரெண்டு ரயில் நேருக்கு நேர் மோதி நாலு பேர் செத்தாங்க. டிரைவர் தப்பு பண்ணாலும் ரயில் தானா நிக்கற மாதிரி ஒரு சிஸ்டம் வேணும்னு அப்போதே எழுதுனாங்க, இப்போ அதுக்கு பாசிடிவ் டிரெயின் கன்ட்ரோல்னு பேரு, நம்ம ‘கவச்’ மாதிரி வச்சுக்குங்க. ரயில் கம்பெனிங்க செலவு செலவுன்னு இழுத்துட்டே இருந்தாங்க. 2008ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சாட்ஸ்வொர்த்ல, டிரைவர் மோதலுக்கு 22 நொடி முன்னாடி வரைக்கும் டெக்ஸ்ட் அனுப்பிட்டு இருந்து சிவப்பு சிக்னல தாண்டி சரக்கு ரயில்ல மோதி 25 பேர் போனாங்க, அப்புறம்தான் காங்கிரஸ் சட்டம் போட்டுச்சு. கெடு 2015. அதையும் தள்ளுனாங்க. அந்த 2015லேயே ஃபிலடெல்ஃபியாவுல ஆம்டிராக் ரயில் வளைவுல வேகமா போய் கவுந்து 8 பேர் செத்தாங்க. எல்லாம் மாட்டி முடிச்சது 2020 டிசம்பர் கடைசியில. கணக்கு போட்டா 51 வருஷம். நடுவுல இந்த சிஸ்டம் இருந்திருந்தா தடுத்திருக்கலாம்னு என்டிஎஸ்பியே எண்ணி வச்சிருக்கற விபத்து 154, உயிர் 300க்கு மேல.

தனி ஆபீஸ்னு சட்டம் சொன்னாலும் அரசியல் எட்டிப் பாக்காம இருக்குமா. 2025 மே மாசம் வைஸ் சேர்மனா இருந்த ஆல்வின் பிரவுன வெள்ளை மாளிகை பதவிக்காலம் முடியறதுக்கு முன்னாடியே தூக்கிருச்சு, அவரு கோர்ட்டுக்கு போனாரு. அதே வருஷ ஆரம்பத்துல, ஜனவரி 29, வாஷிங்டன் ரீகன் ஏர்போர்ட் பக்கத்துல பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் செத்தாங்க. அந்த விசாரணையில என்டிஎஸ்பி பழைய டேட்டாவ எடுத்துப் பாத்தா, 2021 அக்டோபர்லேர்ந்து 2024 டிசம்பர் வரைக்கும் அந்த ஏர்போர்ட் கிட்ட விமானமும் ஹெலிகாப்டரும் கிட்டக்கிட்ட நெருங்குனது 15,214 தடவை. டேட்டா எஃப்ஏஏ கிட்டயேதான் கிடந்துச்சு.

கடைசியா பால்டிமோர் பாலம், ஏன்னா அதுல நம்ம பக்கத்து ஆளுங்க இருந்தாங்க. 2024 மார்ச் 26 ராத்திரி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்துல மோதுன டாலி கப்பல் கொழும்புக்கு கிளம்புனது, சிப்பந்திங்க 20 பேர் இந்தியர், ஒருத்தர் இலங்கைக்காரர். பாலத்துல ராத்திரி வேலை பாத்துட்டிருந்த 6 தொழிலாளிங்க செத்தாங்க. 300 மீட்டர் நீளக் கப்பல், உள்ள ஆயிரக்கணக்குல ஒயர், கரன்ட் போனது எதனாலன்னு தேடிப் பாத்தா, ஒரு சிக்னல் ஒயர் லூஸ். அது ஏன் லூஸ்னா, ஒயர்ல நம்பர் ஒட்டற லேபிள் ஸ்லீவ் கொஞ்சம் முன்னாடி தள்ளி மாட்டிருக்கு, அது தடுக்கறதால ஒயர் முனை டெர்மினல் உள்ள முழுசா போகல. நாம வீட்ல ஸ்விட்ச் போர்டு மாட்றப்போ பண்ற அதே தப்பு. லேபிளோட நிறுத்தல அவங்க, இவ்ளோ பெரிய கப்பல் மோதுனா இந்தப் பாலம் தாங்குமான்னு ஓனர் யாராவது கணக்கு பாத்தாங்களான்னு கேட்டாங்க. பாக்கல. அதே மாதிரி பாக்காம கிடக்குற இன்னும் 68 பாலத்தோட பேர எழுதி, 19 மாநிலத்துல இருக்குற அதோட ஓனருங்களுக்கு கணக்கு பாருங்கன்னு சிபாரிசு அனுப்பிருக்காங்க.

இத சித்தப்பாவுக்கும் அனுப்பியாச்சு. பதில் போட 90 நாள் டைம் குடுத்திருக்கேன்.